உடைவிளையில் ஓர் எண்ணெய்க் குளியல்

சட்டசபை அங்கத்தினர் ஒருவரை இடுப்பில் ஈரத்துண்டும் தலை நிறையச் சீயக்காயும் இறுக மூடிய கண்களுமாகக் காணும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது.

கனம் ஞானசிகாமணி பிள்ளையவர்கள் ஒரு பலகையின்மேல் உட்கார்ந்து வலக்கையை முன்னால் நீட்டியிருந்தார். அந்தக் கை ஒரு செம்புத் தண்ணீரை எதிர்பார்த்தது. சென்னைச் சபையில் அந்தக் கை உயர்ந்தால் காரியதரிசிகள் அவசரமாகக் காகிதங்களைப் புரட்டுவார்கள் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடைவிளை வேதக்கோயிலின் பின்புறத்தில் அது நீட்டியது நீட்டியபடியே நின்றது. ஓர் ஈ அதில் உட்கார்ந்தது, எழுந்தது, யோசித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தது.

ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம், இடுக்கை ஒட்டி நான் நின்றிருந்தேன். வெந்தயம் சேர்த்து அரைத்த சீயக்காயின் மணமும், பக்கத்துப் பனைவிளையில் கருப்பட்டி காயும் மணமும், சுட்ட மணலின் மணமும் ஒன்றாக வந்தன.

“தாவீது, தண்ணி” என்றார் பிள்ளையவர்கள்.

“வருது ஐயா” என்றான் அவருடைய பணியாள் தாவீது.

“எங்கனேருந்து வருது?”

“தேரிக்கு அந்தப் பக்கமிருந்து ஐயா.”

தேரி என்பது அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு. அதில் நடப்பது, முன்னால் வைத்த காலில் பாதியைப் பின்னால் இழப்பது.

“இப்போ எது வரைக்கும் வந்திருக்கு?”

தாவீது பொய் சொல்லப் பழகாதவன். “இன்னும் புறப்படலை ஐயா” என்றான்.

இந்நிலைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரே பந்தி வாக்காளர்கள்

இத்தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சென்னையில் பி.ஏ. தேறி ஊர் திரும்பியபோது, பாளையங்கோட்டையில் பெயர் பெற்ற வக்கீலாயிருந்த பிள்ளையவர்கள் என்னைத் தம் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். அப்போதுதான் புதிய சீர்திருத்தத்தின்படி சட்டசபையில் நம்மவர்க்குச் சில இடங்கள் கூடுதலாக வந்திருந்தன. தாலுகா, ஜில்லா போர்டுகளின் அங்கத்தினர்களும் முனிசிபாலிட்டி அங்கத்தினர்களும் கூடி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்காளர்கள் அனைவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிடலாம். போட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் வருவதற்கு முந்திய விஷயமாகையால் அதைப் பற்றி நான் சாட்சி சொல்வதற்கில்லை.

ஆகவே, கிராமத்தார் யாருக்கும் அவரைத் தேர்ந்தெடுக்கவோ நீக்கவோ அதிகாரம் கிடையாது. அப்படியிருக்க, கொதிக்கும் கோடையில் அவர் ஏன் கிராமம் கிராமமாகப் புறப்பட்டார் என்று கேட்பீர்கள்.

நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றில் யாரோ பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள். கனம் அங்கத்தினருடைய ஜில்லா, ஆற்றங்கரையின் ஈரம் எங்கே காய்கிறதோ அங்கே முடிந்துவிடுகிறது என்று. பிள்ளையவர்கள் அதைக் காலையில் படித்தார். மத்தியானம் மோர் மட்டும் குடித்தார். மாலையில் என்னை அழைத்து, தென்பகுதி முழுவதும் சுற்றுப்பிரயாணம் செய்வதற்கு ஏற்பாடு பண்ணச் சொன்னார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆட்சி நடப்பதை ஜனங்கள் அறிந்தால் ஜனங்கள் நடப்பதை ஆட்சியும் அறியும் என்று நான் மெய்யாகவே நம்பிய காலம் அது. அவர் சபையில் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தொகுத்து ‘ஜில்லா விருத்தாந்தம்’ என்று ஒரு தாள் அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் கேள்விகள் நீளமாகவும் பதில்கள் குட்டையாகவும் இருக்கும். சில ஊர்களில் அதைக் கோயிலில் வாசித்தார்கள். சில ஊர்களில் கருப்பட்டி பொதிந்தார்கள். இரண்டும் பிரசாரமே என்று பிள்ளையவர்கள் என்னைத் தேற்றினார்.

அந்தப் பிரயாணத்தின் முதல் நிறுத்தம் நெசவு செய்யும் முஸ்லிம்கள் மிகுந்த ஓர் ஊர். பன்னீர் தெளித்து, சர்பத் கொடுத்து, மிகவும் மரியாதையாக வரவேற்றார்கள். கூட்டம் முடிந்ததும் ஜவுளி வியாபாரியான ஒரு பெரியவர் எழுந்து, விருத்தாந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார். கேட்கலாம் என்றார் பிள்ளையவர்கள்.

“சபையிலே கேள்வி கேக்குதிய. சரி. பதில் சரியா வரலைன்னா என்ன செய்வீய?”

“இன்னொரு கேள்வி கேட்போம்.”

“அதுக்கும் வரலைன்னா?”

“உபகேள்வி என்று ஒன்று உண்டு.”

பெரியவர் தாளை மடித்துக்கொண்டார். “எங்க வீட்டிலேயும் இப்படித்தான் நடக்கு. ஆனா அதை அச்சுப் போடுததில்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று மாலை முழுவதும் பிள்ளையவர்கள் என்னோடு பேசவில்லை. மறுநாள் வண்டியில் போகும்போது தாமாகவே சிரித்துக்கொண்டார். கோபத்தை ஒரு நாளுக்குமேல் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

ஆற்றங்கரை மனிதர்

அவருடைய குளியலைப் பற்றிச் சொல்லாமல் உடைவிளைக்குப் போக முடியாது.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது எடுத்துக்கொள்ளும் பொருளன்று, இறங்கும் இடம். பொழுதையே அவர்கள் குளியலைக் கொண்டு கணக்கிடுவார்கள். குளிக்கப் போகுமுன், குளித்து வந்தபின் என்றுதான் காரியங்களுக்கு நேரம் குறிப்பார்கள். பிள்ளையவர்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர். ஞானஸ்நானம் ஒருமுறை போதும், ஆற்று ஸ்நானம் தினம் இருமுறை வேண்டும் என்பது அவர் குடும்பத்து உபதேசம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் பாட்டுக்கூட ராகத்தில் நிற்காது என்பார்.

சென்னையில் நான் படித்தபோது விடுதிக் குழாயில் நூல் போல ஒழுகும் வெந்நீரின் கீழ் நின்றுகொண்டு இந்த ஆற்றை நினைத்து ஏங்கியதுண்டு. ஆகையால் அவரை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் அவருடைய குளியல் ஒரு பொது விஷயமாகிவிட்டது.

பிள்ளையவர்கள் சட்டசபையில் மட்டுமல்ல, ஜில்லா போர்டிலும் அங்கத்தினர். அந்த வருஷம் போர்டில் மிஞ்சிய நிதி ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். வேலைகளோ இரண்டு. ஒன்று, நகரத்துக்கு மேற்கே ஆற்றில் கல்லால் ஒரு புதுப் படித்துறை. மற்றொன்று, ராதாபுரத்துக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டில், உடைவிளை என்ற ஊரில், வெடி வைத்துப் பாறையை உடைத்து ஒரு குடிநீர்க் கிணறு. போர்டில் பிள்ளையவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வேலை நடக்கும்.

அவர் மனம் படித்துறைப் பக்கம் இருந்தது. அதைச் சுயநலம் என்று சொல்வது நியாயமாகாது. பழைய படிகளில் பாசி பிடித்துக் கிழவர்கள் வழுக்கி விழுவதை அவர் தினம் இருமுறை கண்டுகொண்டிருந்தார். தேரியில் தண்ணீர் இல்லாததை ஒருமுறையும் கண்டதில்லை. மனிதன் தான் காணும் துன்பத்துக்குத்தான் முதலில் இரங்குகிறான். நேரில் பார்த்தபின் முடிவு செய்வதாக அவர் எனக்கு வாக்களித்திருந்தார். பார்த்தாலே போதும் என்று நான் நிம்மதியாயிருந்தேன்.

ஊர் மானம்

ஏற்பாடுகளைக் கவனிப்பதற்காக நான் ஒரு நாள் முன்னதாகவே உடைவிளை போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊருக்கு ஊற்று ஒன்று உண்டு. தேரிக்கு அப்பால், தாழைப் புதருக்கு நடுவில், தொட்டி போன்ற ஒரு பள்ளம். பெண்கள் அதிகாலையில் ஒரு நடையும் வெயில் தாழ்ந்ததும் ஒரு நடையும் போவார்கள். ஊறும் வரைக்கும் காத்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். ஒரு குடத்தில் சோறும் குழம்பும் குடிநீரும் அடங்கியாக வேண்டும். மற்றபடி குறைவில்லாத ஊர். பனை உண்டு, பதனீர் உண்டு, சுத்தமான கோயில் உண்டு, உழைப்பு உண்டு. பெண்தான் கிடைக்காது.

இதை எனக்குச் சொன்னவள் ஞானப்பூ. கருப்பட்டி வியாபாரியும் கோயில் மூப்பருமான அருமைநாயகம் அண்ணாச்சியின் தங்கை. கணவனை இழந்தவள். அவள் மகன் செல்லத்துரை மாமனின் சரக்கு வண்டியைத் திசையன்விளைச் சந்தைக்கு ஓட்டிவந்தான். கள்ளுக் குடியாத, கையெழுத்துப் போடத் தெரிந்த, தாட்டியான பிள்ளை. மூன்று இடத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்களாம். பையனைப் பிடித்துப்போயிற்று, வீட்டைப் பிடித்துப்போயிற்று. கடைசியில் தண்ணீர் எங்கே என்று கேட்டார்களாம். தேரியைக் காட்டியதும், குடித்த பதனீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்களாம்.

“எம் மவன் மேல குத்தமில்லை, ஐயா. அந்தத் தேரியைத்தான் ஒருத்தரும் கட்டிக்க மாட்டேங்காவ” என்றாள்.

ஆகவே கிணறு என்பது அவளுக்கு ஒரு மருமகள்.

மறுநாள் சனிக்கிழமை. பிள்ளையவர்கள் காலையில் வந்து சேர வேண்டும். விடிந்து நான் வெளியே வந்தபோது அண்ணனுக்கும் தங்கைக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் இரண்டு நடையும் அன்றைக் காலை நடையுமாகக் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் அண்ணாச்சி தெருவில் வரிசையாக இறக்கி வைத்திருந்தார். தெரு முழுவதும் தெளிப்பதற்கு.

“வாறவுக யாரு தெரியுமாட்டி? லாட்டு துரைக்கே கேள்வி போடுதவுக. அவுக காலிலே புழுதி படலாமா?” என்றார் அண்ணாச்சி.

“தண்ணி இல்லைன்னு சொல்லுததுக்குக் கூப்பிட்டுட்டு, தெருவுக்கா அண்ணே தண்ணி தெளிப்பாவ?”

“இல்லைங்கதை வாயாலே சொல்லுவோம். வீட்டுக்கு வந்தவுக கண்ணிலே காட்டவா செய்வாவ?”

நான் இடையில் புகுந்து, எளிய வரவேற்பே போதும் என்றும், உள்ள நிலையை உள்ளபடி காண்பதற்கே கனம் பிள்ளையவர்கள் வருகிறார் என்றும் எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டார். பி.ஏ. படித்தவர்களுக்குத் தெரியாதது இல்லை என்றார். பிறகு தெருவின் மேற்குக் கோடியிலிருந்து தெளிக்க ஆரம்பித்தார்.

“ஜலவசதி திருப்தி”

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிள்ளையவர்கள் வண்டியை மணலுக்கு முன்பே நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, நாக்கு வறள நடந்து வந்தார். ஊர் எல்லையில் காலை வைத்தவுடன் மண்வாசனை எழும்பி அவரை எதிர்கொண்டது. “ஆகா” என்று நின்றுவிட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் அவர் பாதங்களைக் கழுவினார்கள். குடம் குடமாகப் பானகம் வந்தது. சரக்கு மாடுகளின் தொட்டியில்கூடத் தண்ணீர் தளும்பியது. அந்த மாடுகள் ஆச்சரியத்தினால் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அண்ணாச்சி வரவேற்புப் பத்திரம் வாசித்தார். எங்கள் ஊரானது கர்த்தருடைய கிருபையினால் யாதொரு குறைவுமின்றி விளங்குகிறது என்று தொடங்கியது. கிணற்று விஷயம் கடைசி வாக்கியத்தில் வந்தது. அது எவ்வளவு நாசூக்காக எழுதப்பட்டிருந்ததென்றால், அவர் தங்களுக்குக் கிணறு வேண்டுமென்று கேட்கிறாரா, கிணறு இருப்பதற்கு நன்றி சொல்கிறாரா என்று எனக்கே இரண்டாம்முறை யோசிக்க வேண்டியிருந்தது.

கோயிலையடுத்த அறையில் நாங்கள் தனியாயிருந்தபோது பிள்ளையவர்கள் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

“தம்பி, எழுதிக்கொள். உடைவிளை. ஜலவசதி திருப்தி.”

நான் பதறிப்போய், தெருவில் கண்டது அன்றாட நிலை அல்ல என்றேன். அவர் புன்னகை செய்தார். வக்கீல்களின் புன்னகை. ஆற்றங்கரையில்கூட இந்த வெயிலில் யாரும் தெருவுக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை, தெருவின் ஈரம் பொய் சொல்லுமா என்று கேட்டார். விவாதம் முடிந்தது.

நான் வெளியே வந்து ஒரு பனையின் நிழலில் நின்று விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். பனைநிழல் ஓர் ஆளுக்குப் போதாது, விளைவுகளுக்கோ சுத்தமாகப் போதாது. வற்புறுத்தி உண்மையைச் சொன்னால், ஊரார் பொய்க்கோலம் போட்டதாக அவர் நினைப்பார். அண்ணாச்சியிடம் சொன்னால், அந்த மனிதர் இடிந்துபோவார். சும்மாயிருந்தால் கிணறு ஆற்றங்கரைக்குப் போய்ப் படிகளாகிவிடும்.

கால்கள் தாமாக ஞானப்பூவின் வீட்டுக்குப் போயின. அவள் காலிக் குடங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஐயா என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. “அப்போ எங்க அண்ணன் தெளிச்ச தண்ணியிலே கிணறு கரைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க” என்றாள்.

வெயில் தாழட்டும்

அந்தச் சமயத்தில் தாவீது வந்தான். ஐயாவுக்கு எண்ணெய் தேய்த்தாகிவிட்டது, ஊறிக்கொண்டிருக்கிறது, குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்றான்.

“எம்புட்டுத் தண்ணியிலே குளிப்பாவ?” என்று ஞானப்பூ கேட்டாள்.

தாவீது யோசித்துப் பார்த்தான். “அங்கன ஆறு இருக்கும்லா” என்றான்.

ஊரில் மிச்சமிருந்தது ஒரு கொப்பரைத் தண்ணீர். பானகத்துக்கென்று எடுத்துவைத்ததில் எஞ்சியது. அவள் அதைக் காட்டி, இருப்பது இவ்வளவுதான், எல்லாம் ஐயாவுக்குத்தான், கொண்டுபோ என்றாள். ஒரு செம்பைக்கூட ஒளித்து வைக்கவில்லை.

தாவீது போனபின் நான் மெதுவாக, பெண்கள் இப்போதே ஊற்றுக்குப் புறப்பட்டால் நல்லதல்லவா என்றேன்.

“என்னத்துக்கு? வெயில் தாழட்டும். தெனமும் அப்பந்தானே போவோம். ஊரை உள்ளபடி பாக்கணும்னு நீங்கதானே ஐயா சொன்னீய” என்றாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிள்ளையவர்களை எச்சரிக்க வேண்டுமென்று நான் புறப்பட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். எதைப் பற்றி எச்சரிப்பது? ஓர் ஊரில் வழக்கமான நாள் ஒன்று நடக்கப்போகிறது என்றா?

ஆற்றில் முங்கிப் பழகியவருக்குச் செம்பால் குளிக்கத் தெரியாது. எண்ணெய் வழியும் உடம்பின்மேல் பிள்ளையவர்கள் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டார். பாதி தலையில் விழுந்தது, பாதி மணலில் விழுந்தது. மணல் குடித்த வேகத்தைப் பார்த்தால் அதுவும் நெடுநாளாகக் காத்திருந்தது போலிருந்தது. பிறகு சீயக்காயைக் குழைத்துத் தலையிலும் நெற்றியிலும் பிடரியிலும் அப்பச் சொன்னார். தாவீது தாராளமாக அப்பினான். அதன் பிறகுதான் அவர் கையை நீட்டினார். அதன் பிறகுதான் தாவீது கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தான்.

தண்ணீர் இன்னும் புறப்படவில்லை என்ற பதிலை அவர் உடனே நம்பவில்லை. கண்ணைத் திறக்க முயன்றார். சீயக்காய் உள்ளே போயிற்று. சட்டசபை அங்கத்தினர் எழுப்பத் தகாத ஓர் ஒலி எழுந்தது.

அண்ணாச்சி ஓடிவந்தார். அவர் பட்ட வேதனையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் இளகுகிறது. பெண்களை உடனே ஊற்றுக்கு விரட்டினார். பிறகு ஓலைத் தட்டிக்கு வெளியே நின்று, கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

“ஐயா, பதனீர் ரெண்டு பானை இருக்கு. ஊத்திரலாமா?”

“எறும்பு?” என்றது உள்ளேயிருந்து குரல்.

“வரத்தான் செய்யும்” என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டார்.

முடிவில் நுங்கு கொண்டுவந்தார்கள். தாவீது ஒவ்வொன்றாக விரலால் குத்தி, அந்த நீரை ஐயாவின் கண்களில் பீய்ச்சினான். சட்டசபைச் சரித்திரத்தில் வேறெந்த அங்கத்தினருக்கும் நுங்கால் பார்வை திரும்பியதாக நான் அறியேன். கண் திறந்தபோது, தட்டியின் இடுக்கு வழியாக அவருக்குத் தேரி தெரிந்தது. இடுப்பில் காலிக் குடங்களோடு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சிக்குப் போய், ஒவ்வொருவராக அந்தப் பக்கம் மறைந்தார்கள்.

காத்திருந்தோம். காற்று இல்லை. ஈக்கள் இருந்தன. அவர் தலையில் சீயக்காய் முதலில் விளிம்பில் வெளுத்தது, பிறகு வெடித்தது, கோடைக்காலத்துக் குளத்து வண்டல் போல. தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

உள்ளேயிருந்து அவர் கேட்டார். “அண்ணாச்சி, காலையிலே தெருவிலே தெளிச்ச தண்ணி?”

அண்ணாச்சி தெருப் பக்கம் பார்த்தார்.

“குடிக்கதுக்கு வச்சிருந்ததா?”

“உங்க மேல உள்ள மருவாதியிலே, ஐயா” என்றார் அண்ணாச்சி.  

சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெண்கள் திரும்பினார்கள். ஞானப்பூ குடங்களைத் தட்டிக்கு வெளியே இறக்கச் சொல்லி, வழக்கமான குரலில் பங்கு சொன்னாள். இது கிழக்கு வீட்டுச் சோத்துக்கு, இது பிள்ளை பெற்றவளுக்கு, இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. எல்லாவற்றையும் ஐயா எடுத்துக்கொள்ளட்டும் என்றார் அண்ணாச்சி. தட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஒரு குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. மறுபடி வெளியே வரவில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில் அவர் தலையை அசைத்த போதெல்லாம் கறுப்புக் கோட்டின் தோள்மேல் சீயக்காய்த் தூள் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சும் வழக்கம்போல நீளமாயில்லை. ஜில்லா விருத்தாந்தத்தின் அடுத்த தாளில், ஜலவசதி என்ற தலைப்பில் என்ன எழுதுவது என்று வண்டியில் கேட்டேன். ஒன்றும் எழுத வேண்டாம், போர்டில் பேசிக்கொள்கிறேன் என்றார்.

நேரத்தின் அளவு

போர்டு கூடியபோது நான் அவருக்குப் பின்னால் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தேன். கலெக்டர் துரை தலைமை வகித்தார். காரியங்கள் இங்கிலீஷில் நடந்தன. படித்துறைத் தீர்மானம் முதலில் வந்தது. பிள்ளையவர்கள் அதை ஆதரிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, அவர் எழுந்து உடைவிளைக் கிணற்றைப் பற்றிப் பேசினார்.

ஆற்றுப்பக்கத்து அங்கத்தினர் ஒருவர் குறுக்கிட்டார். அந்த ஊருக்கு ஊற்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அதிலிருந்து தண்ணீர் கொண்டுவர அப்படி எவ்வளவு நேரம்தான் பிடித்துவிடும் என்று கனம் அங்கத்தினர் தெரிவிக்கலாமா என்றும் கேட்டார்.

கேள்வி கேட்டே பழகிய பிள்ளையவர்கள், கேள்வி கேட்கப்பட்டதும் இங்கிலீஷை மறந்து தமிழில் விழுந்துவிட்டார்.

“தலையிலே அப்பின சீயக்காய் காய்ஞ்சு உதிருத நேரம்.”

அங்கிருந்த நம்மவர்களில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஒவ்வொருவனுக்கும் அந்த அளவு உடனே விளங்கிவிட்டது. சிலர் தம்மையறியாமல் பிடரியைத் தடவிக்கொண்டார்கள். துரைக்கு மட்டும் விளங்கவில்லை. என்ன சொன்னார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் துரையின் தலையைப் பார்த்தேன். அதில் சீயக்காய்க்கு வேலை போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் விஷயமும் விளங்காது, துரையும் வேறுவிதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். விளைவுகளை எண்ணிப் பார்த்து, கருத்தை மட்டும் இங்கிலீஷில் சொன்னேன்: “ஒரு மனிதர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளப் போதுமான நேரம்.”

பிள்ளையவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார். திருத்தவில்லை. துரை அதை அப்படியே குறித்துக்கொண்டு, படித்துறையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்தார்.

கட்டைச்சுவர்

பாறை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. வெடிச்சத்தத்தில் பனையேறிகள் பாளையை விட்டுவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேள்வி. மறு கோடை வருவதற்குள் தண்ணீர் கண்டது. சற்று உப்புக் கரித்தாலும் தண்ணீர்தான். கிணற்றைச் சுற்றிக் கட்டைச்சுவர் எழுப்பிய வாரத்தில், விருத்தாந்தத்துக்காக நான் தனியாக உடைவிளை போயிருந்தேன்.

அன்று திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் குனிந்து ஆழத்தை நோட்டமிட்டார். தாயார் தாமே வாளியை இறக்கி, ஒரு கை அள்ளிக் குடித்து, மீதியை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தார். பெரியப்பா ஒருவர் கட்டைச்சுவரைக் கையால் அசைத்துப் பார்த்தார். கோடை முழுவதும் ஊறுமா என்றார். ராட்டினம் சொந்தமா, பொதுவா என்றார். செல்லத்துரை வெளுத்த வேட்டியும் சீவிய தலையுமாக, பந்தல்காலைப் போலச் சற்றுத் தூரத்தில் நின்றிருந்தான். அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானப்பூ பதனீர்ச் செம்போடு வந்து நின்றாள். அவர்கள் ஆசை தீர எட்டிப் பார்க்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

“கிணத்தைப் பாத்தாச்சுல்லா. அப்படியே மாப்பிள்ளையையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க” என்றாள்.